சாலை ஓரமாக ஒரு மஞ்சள் கோடு

தாழைவாடியின் துறை றோட்டு குண்டும் குழியுமாக இருந்த காலத்தில் ஊரார் எல்லாரும் றோட்டைத் திட்டினார்கள். போன வருடம் அதற்குத் தார் ஊற்றிக் காப்பெற் போட்டு வழுவழுவென்று ஆக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து எல்லாரும் லொறிகளைத் திட்டினார்கள்.

முன்பெல்லாம் மீன் லொறிகள் குழிகளுக்குப் பயந்து மாப்பிள்ளை நடை நடக்கும். இப்போது பறந்தன. ஐஸ் உருகுவதற்குள் கொழும்புக்குப் போக வேண்டுமாம். அந்த அவசரம் தாழைவாடியிலேயே தொடங்கிவிடும்.

அந்த றோட்டின் ஒரு முனையில் மீன் இறக்கும் துறை இருந்தது. மறுமுனையில் பள்ளிக்கூடம். துறைக்குப் பக்கத்து ஒழுங்கையில் டிலக்சனாவும் நிறஞ்சலாவும் இருந்தார்கள். இரண்டு பேரும் ஆறாம் ஆண்டு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள். அது டிலக்சனாவுடையது. போகும்போது அவள் மிதிப்பாள். வரும்போது நிறஞ்சலா மிதிப்பாள்.

ஒரு புதன்கிழமை காலை ஒரு லொறி அவர்களை உரசுவது போலக் கடந்தது. சைக்கிள் ஆடியது. இரண்டு பேரும் ஓரத்து மணலில் விழுந்தார்கள். முழங்கால்கள் உரஞ்சின. சாப்பாட்டுப் பெட்டி திறந்துகொண்டது. உள்ளே இருந்த பாண் துண்டுகளை அந்தப் பக்கமாக வந்த ஒரு கழுதை நன்றிகூடச் சொல்லாமல் தின்றுவிட்டுப் போனது.

அன்று பின்னேரம் டிலக்சனாவின் அப்பா றெக்சன் சைக்கிளைப் பூட்டினார். அவர் படகு எஞ்சின் திருத்துபவர். எஞ்சினை யாரும் கழற்றிக்கொண்டு போகாமல் இருக்கப் போடும் பெரிய பூட்டு ஒன்று அவரிடம் இருந்தது. அதைத்தான் போட்டார்.

"அப்பா, சைக்கிள் என்ன செய்தது?" என்று கேட்டாள் டிலக்சனா.

"சைக்கிள் ஒண்டும் செய்யேல்ல. றோட்டு சரிவரட்டும், திறந்து தாறன்."

"நாங்கள் எப்பிடிப் போறது?"

"உன்னை மோட்டார் சைக்கிளில நான் ஏத்திறன். முன்னுக்கு எஞ்சின் திருத்துற ஆயுதப் பெட்டி, பின்னுக்கு நீ. வேற ஆருக்கும் இடமில்ல."

வேறு யாருக்கும் என்றால் நிறஞ்சலாவுக்குத்தான். அவள் அடுத்த நாள் தனியாக நடந்து வந்தாள். அவள் முகம் சரியில்லை.

"அம்மா என்னை முருங்கனுக்கு அனுப்பப் போறாங்க" என்றாள். "சித்தி வீட்டுக்கு எதிர்லயே பள்ளிக்கூடம் இருக்காம். ரோட்டுல நடக்கவே வேண்டாமாம். இந்தத் தவணை முடிஞ்சதும் போகணும்."

பள்ளித் தவணை முடிய ஆறு கிழமை, ஒன்றரை மாதம்தான் இருந்தது.

நிறஞ்சலா தாழைவாடிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் தமிழ்நாட்டில், மண்டபம் அகதி முகாமில். அவளுடைய அம்மா சிவலட்சுமி விடியமுன்னரே கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போய்விடுவார். மகள் தனியே அந்த றோட்டில் நடப்பதை நினைத்தால் அவருக்குக் கருவாடு திருப்பும் கையே ஓடவில்லையாம்.

"நீ போகமாட்டாய்" என்றாள் டிலக்சனா. "நான் ஒண்டு செய்யிறன் பார்."

என்ன செய்வது என்று அப்போது அவளுக்கே தெரியாது. அன்று இரவு சாப்பிடும்போதுதான் நினைவு வந்தது. மன்னார்ப் பட்டணத்தில் பள்ளிக்கூடங்களுக்கு முன்னால் மஞ்சள் கோடு இருக்கிறது. அங்கே பிள்ளைகள் இறங்கினால் பஸ்கூட நிற்கும். தாழைவாடிப் பள்ளிக்கூடத்துக்கு முன்னாலும் ஒரு மஞ்சள் கோடு இருந்தால் லொறிகள் மெதுவாகத்தானே வரவேண்டும்?

மறுநாள் பின்னேரம் இரண்டு பேரும் பிரதேச சபைத் தவிசாளருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்கள். டிலக்சனாவின் எழுத்து ஈர மணலில் நண்டு ஓடியது போல இருக்கும். நிறஞ்சலாவின் எழுத்து அச்சு மாதிரி. ஆகவே டிலக்சனா சொன்னாள், நிறஞ்சலா எழுதினாள்.

"தவிசாளர் ஐயா அவர்களுக்கு... லொறியள் எங்களை விழுத்தினதை எழுது. பிறகு, எங்களுக்கு ஒரு மஞ்சள் கோடு போட்டுத் தாங்கோ எண்டு எழுது."

"கோடா? ஒரு கோடு போதுமா?"

"ஓம், ஒண்டு காணும்."

அந்த நேரம் பார்த்து வானம் இருண்டது. "டிலக்சி! முற்றத்தில காயிற உடுப்பை எடு!" என்று அம்மா கூப்பிட்டார். அவள் ஓடினாள். திரும்பி வந்தபோது நிறஞ்சலா கடிதத்தை முடித்து, உறையில் போட்டு, சோற்றுப் பருக்கையால் ஒட்டியும் விட்டாள்.

"நல்லா விளக்கமா எழுதிட்டேன்" என்றாள் பெருமையாக.

ஒட்டின உறையைப் பிரிப்பானேன் என்று டிலக்சனா விட்டுவிட்டாள். திங்கட்கிழமை அப்பா அதைச் சபைக் கந்தோரில் கொடுத்தார்.

மூன்றாவது கிழமை ஒரு காலை, வகுப்பே யன்னலுக்கு ஓடியது. சபையின் சின்ன லொறி வந்திருந்தது. பின்னால் மஞ்சள் பெயின்ற் வாளிகள்.

"வந்திட்டினம்!" டிலக்சனா நிறஞ்சலாவின் கையைப் பிடித்துக் குதித்தாள்.

இடைவேளை மணி அடித்ததும் எல்லாரும் வாசலுக்குப் பாய்ந்தார்கள். அங்கே பார்த்தால் ஒரே ஒரு கோடு. துறையிலிருந்து புறப்பட்டு, றோட்டின் ஓரமாகவே நீளத்துக்கு வந்து, பள்ளிக்கூட வாசலில் முடிந்திருந்தது. கடப்பதற்குப் பட்டை பட்டையாகப் போடுவார்களே, அப்படி ஒன்றையும் காணோம்.

பெயின்ற் பூசிய பாலசிங்கம் மரநிழலில் வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நாங்கள் கேட்ட மஞ்சள் கோடு எங்க?" என்றாள் டிலக்சனா.

"உது என்ன பிள்ளை, பச்சைக் கோடே? நானாட்டானில இருந்து விடிய வெள்ளண வந்து, முதுகு முறியப் போட்டிருக்கிறன். கடிதத்தில உள்ளபடிதான் போட்டனான். இஞ்ச பார்."

அவர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்தார். அச்சு மாதிரி எழுத்து.

'சாலை ஓரமாக, துறையிலிருந்து பள்ளி வாசல் வரை, நீளமாக ஒரு மஞ்சள் கோடு போட்டுத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.'

"இந்த ஊரில இருந்து பெரிய பெரிய கடிதமெல்லாம் வந்து மேசையில கிடக்குது" என்றார் பாலசிங்கம். "நடைபாதை வேணும், தண்ணி ஓடக் கான் வேணும், லைற் வேணும் எண்டு. ஒண்டும் அசையேல்ல. ஒரேயொரு கோடு கேட்டது நீங்கள்தான். மிச்சப் பெயின்ற் கிடந்தது, வந்திட்டன்."

டிலக்சனாவின் கண் 'சாலை' என்ற சொல்லில் நின்றது. தாழைவாடியில் பேசும்போது எல்லாரும் றோட்டு என்பார்கள், எழுதும்போது வீதி என்பார்கள். சாலை என்று எழுத ஒரே ஒரு ஆளால்தான் முடியும்.

பின்னால் நின்று எட்டிப் பார்த்த அவர்கள் வகுப்பு றொசாந்தனும் அதை வாசித்துவிட்டான். "சாலை ஓரமாம்! நீளமாம்!" என்று சிரித்தான். வகுப்பே சிரித்தது. "மஞ்சள் கோடெண்டா கடக்கிறதுக்குப் போடுறது. இதை வைச்சு என்ன செய்யிறது? லொறிக்காரன் கும்பிட்டுப் போவானோ? ஆர் இந்தக் கடிதம் எழுதினது?"

நிறஞ்சலா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய காது மடல் சிவந்துவிட்டது.

"நாங்கள் ரெண்டு பேரும் எழுதினனாங்கள்" என்றாள் டிலக்சனா. "எங்களுக்கு இதுதான் வேணும்."

"எதுக்கு?"

"திங்கட்கிழமை சொல்லுறன்."

திங்கட்கிழமை சொல்வதற்கு அவளிடம் ஒரு மண்ணும் இல்லை. அன்று வெள்ளிக்கிழமை.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இரண்டு பேரும் மஹ்மூது நானாவின் சைக்கிள் கடைக்கு முன்னால் ஒரு பழைய ரயரில் உட்கார்ந்தார்கள். அப்பா அங்கேதான் வந்து டிலக்சனாவை ஏற்றுவார்.

"அந்தப் பட்டை பட்டையா இருக்கிறதா மஞ்சள் கோடு?" என்று நிறஞ்சலா கேட்டாள். "அதை எங்க ஊர்ல ஜீப்ரா கிராஸிங்னு சொல்வாங்க. வெள்ளையா இருக்கும். நீ மஞ்சள் கோடுன்னு சொன்னே. நான் மஞ்சள் கோடுன்னே நினைச்சேன். எந்த இடத்துலன்னு நீ சொல்லலை. அதான் நானே ஓரம், நீளம்னு சேர்த்தேன்."

டிலக்சனாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நிறஞ்சலாவின் கண்ணில் நீர் தளும்பியதைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"எங்க ஊர்னு சொல்றேன் பாரு" என்றாள் நிறஞ்சலா. "அங்கே இருந்தப்போ, மன்னார்தான் நம்ம ஊர்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. இங்கே வந்தா, நான் பேசுறதைக் கேட்டுச் சிரிக்கிறாங்க. நான் முருங்கனுக்கே போயிடுறேன்."

"பிழை என்ர" என்றாள் டிலக்சனா. "மஞ்சள் கோடெண்டா என்னெண்டு உனக்கு நான் சொல்லியிருக்க வேணும். நீ போனா எனக்கு ஆர் இருக்கினம்?"

இரண்டு பேரும் கோட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

துறைப் பக்கமிருந்து ஒரு லொறி இரைந்துகொண்டு வந்தது. இருவரும் வழக்கம்போல உடம்பைச் சுருக்கினார்கள். லொறி போய்விட்டது. ஆனால் ஏதோ ஒன்று வித்தியாசமாக இருந்தது. எப்போதும் முகத்தில் அடிக்கும் மணல் இன்று அடிக்கவில்லை.

"நிறஞ்சி, அடுத்த லொறியின்ர சில்லைப் பார்" என்றாள் டிலக்சனா.

அடுத்த லொறி வந்தது. அதன் சில்லு கோட்டுக்கு வெளியே, றோட்டின் நடுப்பக்கமாகப் போனது. அதன் பிறகு சாமான் ஏற்றும் சின்னப் பட்டா வாகனம் ஒன்று. அதுவும் வெளியே. பிறகு மணல் ஏற்றும் ரிப்பர் ஒன்று. அது கோட்டை மிதிக்கப் பார்த்து, சட்டென்று விலகியது.

ஒரு லொறி காற்றடிக்க மஹ்மூது நானாவின் கடையில் நின்றது. டிலக்சனா எழுந்து போய்ச் சாரதியிடம் கேட்டாள்.

"அண்ணா, நீங்கள் ஏன் கோட்டுக்கு உள்ளுக்குப் போகேல்ல?"

சாரதி தலையைச் சொறிந்தார். "அது என்ன கோடெண்டு ஆருக்குத் தெரியும் தங்கச்சி? சும்மா ஆரும் இவ்வளவு நீளத்துக்குப் பெயின்ற் பூசுவினமோ? ஏறி மிதிச்சுப்போட்டுப் பிறகு பொலிசிட்ட மாட்டுப்படுறதே?"

டிலக்சனா ஓடிப்போய்க் கோட்டுக்கும் றோட்டு விளிம்புக்கும் இடையில் கையை வைத்து அளந்தாள். மூன்று முழம். விளிம்பெல்லாம் மணல் ஏறிக் கிடந்ததால், பாலசிங்கம் ஐயா கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் போட்டிருந்தார். மூன்று முழத்தில் ஒரு சைக்கிள் தாராளமாகப் போகும். இரண்டு பேர் சேர்ந்து நடக்கலாம்.

அப்போது இரண்டு கழுதைகள் அந்த மூன்று முழத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் நடந்து போயின. ஊரில் முதலில் விஷயத்தை விளங்கிக்கொண்டவை அவைதான்.

"எதுக்கெண்டு தெரிஞ்சு போச்சு!" என்று கத்தினாள் டிலக்சனா.

ஆனால் அந்த மூன்று முழமும் சும்மா கிடக்கவில்லை. நீளத்துக்கு மணல். நடுநடுவே மீன் பெட்டிகள். எல்லாவற்றுக்கும் மேலாக மஹ்மூது நானாவின் பழைய ரயர் மலை.

"நானா, இந்த ரயருகளைக் கொஞ்சம் பின்னுக்கு அடுக்க ஏலாதோ?"

"கடை திறந்த நாளில இருந்து இது இஞ்சதான் கிடக்கு மகள். இதைப் பாத்துத்தான் கடையெண்டு சனத்துக்குத் தெரியும்."

டிலக்சனா யோசித்தாள். "நானா, இப்ப எங்கட பள்ளிக்கூடத்தில எத்தினை பேர் சைக்கிளில வருகினம்?"

"ஆர் வருகினம்? எல்லாற்ற தாய் தகப்பனும் பூட்டி வைச்சிருக்கினம்."

"இதால பயமில்லாமப் போகலாமெண்டா எல்லாரும் வருவினம். ஆரிட்டக் காத்தடிப்பினம்? ஆரிட்ட ஒட்டுப் போடுவினம்?"

மஹ்மூது நானா அவளைப் பார்த்தார். ரயர்களைப் பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டினார். "வாங்கோ, ஒரு கை பிடியுங்கோ" என்றார்.

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் தும்புத்தடிகளோடு மணலைக் கூட்டத் தொடங்கினார்கள். றொசாந்தன் சிரிப்பதற்கென்றே வந்து நின்றான்.

"சிரிக்கிறதெண்டா கூட்டிக்கொண்டு சிரி" என்று டிலக்சனா தன் தும்புத்தடியை அவன் கையில் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் சிரிப்பதை மறந்துவிட்டான். மத்தியானத்துக்குள் அவனுடைய தம்பியும் வந்தான், தம்பியின் கூட்டாளிகளும் வந்தார்கள். மீன் பெட்டிக்காரர்கள் பிள்ளைகளின் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தாங்களே பெட்டிகளைத் தள்ளிவைத்தார்கள்.

"இதில ஒரு சைக்கிள் கீறு" என்று டிலக்சனா கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியை நீட்டினாள்.

நிறஞ்சலா வாங்காமல் நின்றாள். "கீறுன்னா? கிழிக்கிறதா?"

"இல்லை, வரையிறது."

"நல்ல வேளை, இந்த வாட்டி கேட்டுட்டேன்" என்றாள் நிறஞ்சலா. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் பள்ளிக்கூட வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிளும், அதற்குப் பக்கத்தில் புத்தகப் பையோடு நடக்கும் ஒரு பிள்ளையும் வரைந்தாள். அச்சு மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலை டிலக்சனா அப்பாவிடம் கெஞ்சிக் கேட்டு, நிறஞ்சலாவோடு நடந்து வந்தாள். பள்ளிக்கூட வாசலில் சபையின் லொறி நின்றது. பாலசிங்கம் ஒரு வாளியைத் திறந்துகொண்டிருந்தார். உள்ளே கறுப்புப் பெயின்ற்.

"ஐயா, என்ன செய்யிறியள்?"

"கடவை கேக்க வேண்டிய பிள்ளையள் கோடு கேட்டிட்டுதுகள் எண்டு ஆரோ கந்தோரில சொல்லிப்போட்டினம். அழிச்சுப்போட்டு வரட்டாம்."

நிறஞ்சலா அவளுடைய கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஐயா, பள்ளிக்கூட மணி அடிக்குமட்டும் பொறுங்கோ. அதுக்குப் பிறகு அழியுங்கோ" என்றாள் டிலக்சனா.

"அதுக்கென்ன" என்று பாலசிங்கம் மதிலில் சாய்ந்துகொண்டு ஒரு வெற்றிலையை எடுத்தார்.

முதலில் றொசாந்தனும் தம்பியும் சைக்கிளில் வந்தார்கள், கோட்டுக்கு உள்ளே. அவர்களுக்குப் பின்னால் முதலாம் ஆண்டுக் குஞ்சுகள் கைகோத்து வந்தார்கள். மீன் சட்டியோடு ஒரு அம்மா வந்தார். கழுதைகளும் வந்தன. ஒரு லொறி பாய்ந்து வந்தது. கோட்டைக் கண்டதும் விலகி, கூட்டத்தைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, மெதுவாகப் போனது.

பாலசிங்கம் வெற்றிலையை வாயில் போட மறந்துவிட்டார்.

கூட்டத்தின் கடைசியில் சிவலட்சுமி வந்தார். வாடியிலிருந்து கடைக்குக் கொண்டுபோகும் கருவாட்டுப் பெட்டி தலையில். வழக்கமாக அந்த றோட்டில் நாலடிக்கு ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்து நடப்பவர், இன்று ஒரு தரமும் திரும்பவில்லை. வாசலுக்கு வந்த பிறகுதான் அது அவருக்கே தெரிந்தது. அவர் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, வந்த வழியை நின்று பார்த்தார்.

"அம்மா, இது நான் எழுதிக் கேட்ட கோடு" என்றாள் நிறஞ்சலா மெதுவாக.

சிவலட்சுமி மகளின் தலையைத் தடவினார். "முருங்கன் சித்திக்குப் போன் பண்ணணும்" என்றார். "லீவுக்கு வருவா, படிக்க வரமாட்டான்னு சொல்லணும்."

மணி அடித்தது. பாலசிங்கம் கறுப்பு வாளியை மூடினார்.

"ஐயா, அழிக்கேல்லையோ?"

"இந்தப் பெயின்ற் தடிச்சுப் போச்சு, பூச ஏலாது" என்றார் அவர். பெயின்ற் தண்ணீர் மாதிரி இருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். "கந்தோரில நான் கதைக்கிறன். கோடு பிழையில்ல, கடிதந்தான் அரைவாசி எண்டு சொல்லுறன். கடவைக்கும் ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. இந்த முறையும் அந்தக் கையெழுத்தே எழுதட்டும்."

போகுமுன் அவர் லொறியில் கிடந்த மஞ்சள் வாளியை எடுத்து, நிறஞ்சலாவின் வெண்கட்டிச் சைக்கிளின் மேலேயும் பிள்ளையின் மேலேயும் கவனமாகப் பூசிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் றெக்சன் அந்தக் கோட்டு வழியே துறையிலிருந்து பள்ளிக்கூடம் வரை தானே நடந்து பார்த்தார். வீட்டுக்கு வந்து திறப்பை எடுத்தார். உப்புக் காற்றில் பூட்டு துருப்பிடித்துத் திறக்க மறுத்தது. கடைசியில் சுத்தியலால் நாலு போடு போட்டுத்தான் சைக்கிளை விடுவிக்க வேண்டியிருந்தது.

தவணை முடிவதற்கு முந்தின கிழமை பள்ளிக்கூட வாசலில் கடவையும் வந்தது. பட்டை பட்டையாக, பளிச்சென்று, வெள்ளை நிறத்தில்.

"இது வெள்ளையா இருக்கே?" என்றாள் நிறஞ்சலா.

"ஓம். மஞ்சள் கோடு."

"வெள்ளையா இருந்தாலுமா?"

"முந்தி மஞ்சளிலதான் போடுறவை. வெள்ளையா இருந்தாலும் மஞ்சள் கோடுதான்" என்றாள் டிலக்சனா.

அந்தப் பெயர் கடவைக்குப் போய்விட்டதால், உண்மையான மஞ்சள் கோட்டுக்கு உள்ளே இருக்கும் பாதையை எப்படிக் கூப்பிடுவது என்று ஊரில் கொஞ்ச நாள் குழப்பமாக இருந்தது. றொசாந்தன்தான் சிரித்துச் சிரித்துப் பகிடிக்கு ஒரு பெயர் சொல்லிக்கொண்டு திரிந்தான். பகிடி பழகிவிட்டது.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் நாள், நிறஞ்சலா சைக்கிளை மிதிக்க, டிலக்சனா பின்னால் இருந்து போனாள். வழியில் ஒரு வீட்டு வாசலில் நின்ற அம்மா தன் சின்ன மகனைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"டேய், றோட்டில ஓடாத! சாலையால போ!"

நிறஞ்சலா சைக்கிள் மணியைப் பள்ளிக்கூடம் வரைக்கும் அடித்துக்கொண்டே போனாள்.